இன்னோவாவுக்கு வாசலிலேயே வைத்தியம்

பழைய இன்னோவாவின் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் வாசலிலேயே மாற்றியாச்சு. ஒன்றில்தான் ஆயில் கசிந்தது. ஆனாலும் ஜோடியாகத்தான் மாற்றணும்.

மேலே மூன்று நட்டு, கீழே ஆர்மில் ஒரு போல்ட், அவ்வளவுதான். துருவேறிய அந்தக் கீழ் போல்ட்தான் பாதி நாளைத் தின்றது. நடுவில் இருக்கும் பெரிய நட்டில் மட்டும் கை வைக்காதீங்க. உள்ளே அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும். ஸ்பிரிங் மாற்றிக் கோக்கும் வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்தேன். காசு மிச்சம் பிடிக்கிற இடமில்லை அது.

கீழ் போல்ட்டுக்குக் கடைசி இறுக்கு, வண்டி தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். வீடியோ போடுகிறவர்கள் பலர் இதைச் சொல்வதே இல்லை!

அடுத்து வீல் அலைன்மென்ட். மதுரையில் யார் நல்லா பண்றாங்க?