606 ஏன் ஓடவில்லை?

எங்கள் ஆறுமுகநேரி உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லி முடியாது. ஜன்னல் கம்பி, தையல் மெஷின், கேஸ் அடுப்பின் திருகு, எதையும் சும்மா விடாது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அறை வாங்கிக் கொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஜெர்மனியில் இருக்கும் என் கொழுந்தனார் பொங்கலுக்கு வந்தபோது மகனுக்கு ஒரு ரயில் செட் கொண்டு வந்தார். சாவி கொடுக்கிற பொம்மை இல்லை. நிஜ எஞ்சினில் 87-இல் ஒரு பங்கு அளவு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். கைக்கருவியில் எஞ்சினின் எண்ணை அழுத்தி, வேகத்தைத் திருகினால் ஓடும். ஆசை ஆசையாய் ஓட்டினான். பரீட்சை வந்ததும் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

மே லீவில் எடுத்து மாட்டினால் அசையவில்லை. புது எஞ்சின்களுக்கு வழக்கமாக 3-தான் எண். அழுத்தினேன். ம்ஹூம்!

"நான்தாம்மா அன்னைக்குப் பட்டனை அமுக்கி..." என்று ஆரம்பித்தான்.

"நோண்டாதேன்னு எத்தனை தடவைலே சொல்லுறது?" என்று ஓர் அறை விட்டேன். பாக்கியைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டான்.

ராத்திரி கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். "மைனி, சாதாரண ரயில் பொம்மையில கரண்ட் கூடினா வேகம் கூடும். இதுல தண்டவாளத்துல எப்பவும் முழுக் கரண்டு இருக்கும். அதோடயே கட்டளையும் போகும். குட்டைத் துடிப்புன்னா ஒன்று, நீளத் துடிப்புன்னா பூஜ்யம். எஞ்சினுக்குள்ள இருக்கிற சில்லு, தன் நம்பருக்கு வந்த கட்டளைக்கு மட்டும்தான் அசையும்" என்றார். தபால்காரர் கதவு எண் பார்த்துக் கடிதம் போடுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

முதலில் ஒரு ரூபாய்த் துட்டை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நொடி வைக்கச் சொன்னார். கருவி உடனே தன்னை அணைத்துக்கொண்டது. அப்படியானால் தண்டவாளம் வரை கரண்ட் வருகிறது. அடுத்து, எண் எழுதுவதற்கென்று உள்ள தனித் துண்டில் எஞ்சினை வைத்து, அதன் எண்ணைப் படிக்கச் சொன்னார். பதிலே இல்லை.

"சக்கரத்தைப் பாருங்க மைனி."

திருப்பிப் பார்த்தால் கறுப்பு வளையம்! தண்டவாளம் நிக்கல் சில்வராம். பேரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். நம் பாத்திரக் கடையில் 'ஜெர்மன் சில்வர்' என்பார்களே, அதே சங்கதி. உப்புக் காற்றில் மங்காமல் இருக்குமா? அழுக்குப் படிந்தால் கரண்டும் போகாது, கட்டளையும் போகாது. புளி, சாம்பல் பக்கம் போக வேண்டாம். உப்புத்தாளும் கூடாது, அதன் கீறலில் இன்னும் அழுக்கு சேரும். மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி வந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் விளக்கு, அடுப்பு இல்லாமல், தண்டவாளத்தைத் துணியாலும் சக்கரத்தைக் காதுக் குச்சியாலும் துடைத்தேன். ஒன்பது குச்சி கறுத்தது. நன்றாகக் காய்ந்த பிறகு திரும்பவும் படிக்க வைத்தேன். எஞ்சின் லேசாகத் துள்ளியது. மோட்டாரை அப்படி ஒரு துடிப்புத் துடிக்க வைத்துத்தான் சில்லு பதில் சொல்லுமாம்.

திரையில் வந்த எண் 606.

அவனைக் கூப்பிட்டேன். "இது யாரு போட்ட நம்பர்?"

"நான்தான். அப்பா போன ரயில் 20606. அவ்வளவு பெருசா எழுத முடியலை. 606-ன்னு போட்டு ஓட்டினேன், ஓடிச்சு. இப்ப அதுவும் ஓடலை. உடைச்சிட்டேன்னு நெனச்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. 2023 டிசம்பர் 17 இரவு, இவன் அப்பா நம் ஊர் ஸ்டேஷனில்தான் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினார். மழை வெள்ளத்தில் அது ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கு மேல் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே அரித்துப் போயிருந்தது. சுமார் 800 பேர். போன் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். 19-ஆம் தேதி மீட்டு, மணியாச்சியிலிருந்து வேறு ரயிலில் அனுப்பி வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் இவன் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்போது ஆறு வயது. மறந்திருப்பான் என்றல்லவா இருந்தேன்!

கன்னத்தைத் தடவினேன். "அம்மா முழுசாக் கேட்கலைடா ராசா" என்றேன். "வலிக்கலை" என்றான். பொய்தான்.

எண்ணை 3-க்கு மாற்றித் தரட்டுமா என்று கொழுந்தனார் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது ஓட்டுவதற்கு முன் துணியை எடுத்து அவனே துடைக்கிறான். கட்டில் காலுக்குப் பக்கத்தில் தலையணை வைத்திருக்கிறான், அதுதான் ஸ்ரீவைகுண்டமாம். 606 அங்கே நிற்பதே இல்லை.