சுண்டிப் பார்த்து ஒரு படகு

ஏப்ரலில் பஸர்ட்ஸ் விரிகுடாக் கரையில் பாதிப் படகுகள் தரையில்தான் நிற்கும். அக்டோபர் வாக்கில் கரையேற்றி, வெள்ளை பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, சூடு காட்டி இறுக்கிவிடுவார்கள். மே பிறந்தால்தான் மறுபடி தண்ணீர். பழைய படகு தேடுகிறவர்கள் வந்து போவது இந்த இடைவெளியில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தென்கிழக்கு மூலை இது. கோடைப் பிற்பகலானால் தென்மேற்குக் காற்று எழும்பிவிடும். அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் வந்து அறையும். இந்த நீருக்கென்றே 1914-இல் நதானியல் ஹெரஷாஃப் ஒரு சின்னப் பாய்ப்படகை வரைந்து கொடுத்தார். மதியம் பாய் விரித்து, இருட்டுவதற்குள் கரை திரும்பும் பழக்கம் இங்கே ஊறிப்போனது.

பாஸ்டனில் வேலை பார்க்கும் என் தோழிக்கும் அந்தப் பித்துப் பிடித்தது. அவளுக்குத் துணையாகத்தான் போனேன். அவள் கண் வைத்திருந்தது 'டைஃபூன்' ரகம். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் படகு வரைந்து பேரெடுத்த கார்ல் ஆல்பெர்க்கின் கைவண்ணம். கேப் டோரி கம்பெனி இந்த ரகத்தில் ஏறத்தாழ 2,000 படகுகள் கட்டி விற்றது. நீளம் பதினெட்டரை அடி. கிட்டத்தட்ட 900 கிலோ எடையில் 400 கிலோவுக்கு மேல் அடியில் கிடக்கும் பாரம். காற்றுக்குச் சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும், நாலு பேர் வசதியாக உட்காரலாம். ஃபைபர்கிளாஸ் மக்குவதில்லை என்பதால் 1970-களில் கட்டியவை இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் பார்க்கப் போன படகுக்குச் சொன்ன விலை 6,500 டாலர்.

வாங்குவதற்கு முன் படகைச் சோதித்து எழுதிக் கொடுப்பவரை இங்கே சர்வேயர் என்கிறார்கள். அந்தத் தொழிலுக்கு அரசாங்க உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் சர்வேயர் என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். தேர்வு வைத்துச் சான்று தரும் சங்கங்கள் உண்டு, விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கூலி அடிக்கணக்கில், கொடுப்பது வாங்குகிறவர். விற்பவரோ தரகரோ கைகாட்டும் ஆளை அமர்த்துவதைவிடச் சும்மா இருந்துவிடலாம் என்பது என் கட்சி. இத்தனை சின்னப் படகுக்கு ஆள் வைப்பவர்கள் குறைவு, தோழி வைத்தாள்.

வந்தவர் இளமையில் ஒரு படகுப் பட்டறையில் மரவேலை பார்த்தவராம். வந்ததும் படகைத் தொடவில்லை. குனிந்து, அதைத் தாங்கி நின்ற இரும்புக் கால்களைப் பார்த்தார். எதிரெதிர்க் கால்களைப் படகின் அடிவழியே சங்கிலியால் பிணைத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே ஏணியைச் சாத்தினார். அது விட்டுப்போனால் மேலே ஏறுகிறவர் பாரத்தில் கால் விலகி, படகு ஆள்மேல் சாயுமாம். பிறகு படகின் பின்புறமான அமரத்தின் வலது மூலையில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டார். 1972 நவம்பருக்குப் பின் கட்டிய எல்லாப் படகிலும் அந்த எண் இருந்தாக வேண்டும். கட்டியவர் யார், எந்த வருஷம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம்தான் சுத்தியலை எடுத்தார். கெட்டி பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்க்கிற மாதிரி மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். 'டக் டக்' என்று வெடிப்பாக வந்துகொண்டிருந்த சத்தம், முன்புறமான அணியத்தில் கயிறு கட்டும் குமிழுக்குப் பக்கத்தில் 'தொப்' என்று இறங்கியது. நின்றார். மறுபடி தட்டினார். மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். என் உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

சங்கதி இதுதான். படகின் உடல் முழுக்க ஃபைபர்கிளாஸ் என்றாலும் மேல்தளம் அப்படியில்லை. இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா என்னும் நொய்மரத்தைத் துண்டுபோட்டு, நார் மேல்நோக்கி நிற்கும்படி அடுக்கியிருப்பார்கள். கனம் இல்லை, மிதித்தால் வளையாது. ஆனால் குமிழ், வளையம், கம்பம் என்று ஒவ்வொன்றையும் முடுக்க அந்தத் தளத்தில் துளை போட்டாக வேண்டும். துளையைச் சுற்றிப் பூசிய பசை வருஷக்கணக்கில் காய்ந்து விட்டுக்கொடுத்தால், மழைநீர் சொட்டுச் சொட்டாய் இறங்கும். இறங்கிய நீருக்கு வெளியேற வழி கிடையாது. மேலே பெயின்ட் மின்னிக்கொண்டிருக்க, உள்ளே மரம் ஊறிக் கஞ்சியாகியிருக்கும்.

விற்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வட்டத்தைப் பார்த்து அவர் முகம் சுருங்கவில்லை. "அதுதான் நான் இன்னும் கைவைக்காத குமிழ்" என்றார். மற்ற துளைகளை என்ன செய்தார் என்று கேட்டதற்கு, பூச்சுமாற்றக் கழற்றி வைத்திருந்த வேறொரு குமிழின் இடத்தைக் காட்டினார். விரலை விட்டுப் பார்த்தேன். மரம் தட்டுப்படவே இல்லை; வழவழவென்று கெட்டியாக, தேன் நிறத்தில் எபாக்சிப் பிசின். துளையைப் பெரிதாக்கி, ஓரத்து மரத்தைச் சுரண்டி எடுத்து, எபாக்சியால் அடைத்து, அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டிருந்தார். இனி பசை விட்டாலும் நீர் மரத்தை எட்டாது. வேலை முடிந்து குமிழைப் பூட்டிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. யாரும் பார்க்காத இடத்தில் இப்படி மெனக்கெடுகிறவர் கையில் இருந்த படகை வாங்கலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. சர்வேயர் அதற்கெல்லாம் மசியவில்லை, தட்டிக்கொண்டே போனார்.

இதற்கு முன் இன்னொரு டைஃபூனையும் பார்த்திருந்தோம். கொட்டகைக்குள் தூசி படாமல் வைத்த படகு, தேக்கு விளிம்பெல்லாம் வார்னிஷ் மினுமினுப்பு. தண்ணீரில் இறங்கிப் பல வருஷம். ஓடாத படகில் எது ஒழுகும், எது இறுகிப்போயிருக்கும் என்று விற்பவருக்கே தெரியாது. கோடைதோறும் மிதந்த படகுக்குத்தான் என் ஓட்டு.

பாய்மரத்தைக் கழற்றித் தாங்கிகளில் கிடத்தியிருந்தார்கள். அதைத் தாங்கும் எஃகு வடங்களின்மேல் சர்வேயர் ஒரு பஞ்சுருண்டையை ஓட்டினார். இழை அறுந்த இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். கையால் தடவினால் சதை கிழியும். பஞ்சு எங்கும் மாட்டவில்லை. ஆனால் வடத்தின் கீழ்முனையை அழுத்திப் பூட்டிய குழலை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தவர் என்னை அழைத்துக் காட்டினார். மயிரிழை விரிசல், அதிலிருந்து கசிந்த துருக்கறை. துருவேறா எஃகுக்கும் காற்று பட வேண்டும். உப்புநீர் தேங்கி மூச்சு முட்டும் இடுக்கில் அதுவும் அரித்துப்போகும். "எல்லா வடத்தையும் மாற்றணும். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம்" என்றார்.

பாயைப் பார்க்க ஒரு பாய்ப்பட்டறைக்குப் போனோம். நடனக்கூடம் போல ஒரே மரத்தளம். தையல் மெஷினைத் தரையிலேயே பள்ளம் வெட்டி இறக்கியிருக்கிறார்கள். தைக்கிறவர் குழிக்குள் உட்கார, துணி தரைமட்டத்தில் வழுக்கிக்கொண்டு அவரிடம் வருகிறது. அங்கே வேலை பார்க்கும் பெண் பாயின் ஓரத்தைப் பிடித்து, தையல்மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். நூல் பொடிந்து வந்தது. டேக்ரான் என்னும் பாய்த்துணிக்கு முன்னால் நூல்தான் வெயிலில் செத்துப்போகுமாம். பிறகு பாயை விரித்து வயிற்றைக் காட்டினார். நைந்த பாயில் வயிறு பின்னுக்குத் தள்ளிப் பை போட்டுவிடும். காற்று படகை முன்னே தள்ளுவதற்குப் பதில் பக்கவாட்டில் சாய்க்கும். சுக்கான் பிடிப்பவர் கை ஓயும். இந்தப் பாய்க்கு அந்தக் கேடு இன்னும் வரவில்லை. மறுதையல் போட்டால் சில கோடைக்குத் தாங்கும் என்றார்.

வடமும் தையலும் அணியத்து ஈரமும் சேர்ந்து பேரத்தில் 1,400 டாலரைக் குறைத்தன. ஆசிரியர் அதிகம் வாதாடவில்லை. அந்தக் குமிழைத் தானே சரிசெய்து தருவதாகவும் சொன்னார்.

படகு கிடைத்தது, கட்ட இடம்தான் இல்லை. துறைமுகத்தில் ஆசிரியருக்கு இருந்த நங்கூர மிதவை படகோடு கைமாறாது. நெருங்கிய குடும்பத்துக்குள் மட்டும்தான் மாற்றித் தர வழியுண்டு. புதிதாகக் கேட்பவர்கள் துறைமுக அதிகாரியிடம் பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தோழி அன்றைக்கே போய்ப் பெயர் எழுதிவிட்டு, இந்தக் கோடைக்குப் படகுத்துறைக்காரரின் மிதவை ஒன்றை வாடகைக்குப் பேசி முடித்தாள். ஐந்தாறு கோடை வாடகை கொடுத்தால் இன்னொரு டைஃபூனே வாங்கிவிடலாம்.