மூக்குத்தியில் ஃபோகஸ்

எழுபதுகளில் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்குகிறவர்களின் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். கோடாலித் தைலம், நைலான் சேலை, டார்ச் லைட், டிரான்சிஸ்டர். ‘சிதம்பரம்’ கப்பலில் வந்த சித்தப்பாவின் பெட்டியில் இவற்றோடு தோல் உறைக்குள் ஒரு கேமராவும் இருந்தது. ஜப்பான்காரன் செய்த யாஷிகா எலக்ட்ரோ 35, ஜி.எஸ்.என். மாடல். முக்கால் கிலோ கனம். கொஞ்ச நேரம் மாட்டியிருந்தால் வார் பிடரியை அறுத்துவிடும்.

அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. 45 மில்லிமீட்டர், எஃப் 1.7. கிடைத்ததை வைத்துப் பிழைத்துக்கொள் என்கிற ஜாதி. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். தூரம் சரியாக இல்லாவிட்டால் அந்தக் கட்டத்துக்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். கேமரா முகப்பிலுள்ள இரண்டு ஜன்னல்கள் வழியே வரும் இரண்டு பிம்பங்கள் அவை. லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக ஒன்று நகர்ந்து வந்து மற்றதன் மேல் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் ஃபோகஸ் ஆகிவிட்டது.

சொல்வதற்கு எளிது. வெளிச்சம் குறைந்த கூடத்தில் வழவழப்பான ஒரு கன்னத்தை எதன்மேல் எதைப் பொருத்துவது? ஓரமோ பளபளப்போ இருந்தால்தான் கண்ணுக்குப் பிடி கிடைக்கும். சித்தப்பா கண்டுபிடித்த வழி அப்பாயியின் மூக்குத்தி. “ரெண்டு மூக்குத்தி ஒண்ணாவணும், அதான் கணக்கு” என்பார். ஊஞ்சலில் உட்கார்ந்தபடி அப்பாயி எடுத்துக்கொண்ட படங்களை இன்று பார்த்தாலும் மூக்குத்தியின் ஒவ்வொரு கல்லையும் எண்ணிவிடலாம். காதுத் தோடு மங்கிப்போயிருக்கும். எஃப் 1.7-இல் கிட்டத்தில் எடுத்தால் அவ்வளவுதான் தெளிவு தரும்.

வெளிச்சத்தை அந்தக் கேமராவே அளந்து, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளும். பொத்தானைப் பாதி அமுக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் அதிகம். மஞ்சள் எரிந்தால் கை நடுங்கக் கூடாது. ஆர்வோ கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் போட்டு வீட்டுக்குள் எடுத்தால் எப்போதும் மஞ்சள்தான். சித்தப்பா தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் எதற்கென்று தெரியாமலே மூச்சைப் பிடிப்பார்கள். “இன்னும் ஆவலையாடா?” என்று அப்பாயி கேட்பதற்குள் படம் விழுந்திருக்கும். லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஷட்டர் என்பதால் சத்தம் ‘இச்’ என்றுகூட வராது. எடுத்தாகிவிட்டது என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். அடுத்த படத்துக்கு நெம்புகோலைத் தள்ளும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் முகத்தைத் தளர்த்துவார்.

இப்போது யோசித்தால் ஜப்பான்காரர்கள் செய்த காரியம் விசித்திரமாகப் படுகிறது. 1961 ஜனவரியில் கேனன் தன் கேனோனெட்டை 18,800 யென்னுக்கு இறக்கியபோது ஒரு வாரத்துக்கென்று வைத்திருந்த சரக்கு இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோனது. அடுத்த வருஷமே ஜான் கிளென் பூமியைச் சுற்றப் போனபோது, ஆன்ஸ்கோ பெயரில் விற்ற மினோல்டா ஹை-மேட்டிக் ஒன்றைக் கொண்டுபோனார். மருந்துக்கடையில் வாங்கிய கேமரா! 1966-இல் எலக்ட்ரோ வந்தது. எல்லாருடைய பந்தயமும் ஒன்றே: படம் எடுப்பவனுக்கு வேலை மிச்சம் வைக்கக் கூடாது. வெளிச்சத்தைக் கணக்குப் போடும் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். தூரத்தைப் பார்க்கும் வேலை மட்டும் அவர்களுக்கு வசப்படவில்லை, அதனால் நம் கண்ணுக்கு விட்டுவைத்தார்கள். நான் இன்று ஆசையாக நினைத்துக்கொள்கிற அந்த மஞ்சள் கட்டம் உண்மையில் அவர்களால் முடிக்க முடியாத மிச்சம்தான். அந்த மிச்சத்தில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்தோம்.

1977-இல் கொனிகா அதையும் முடித்தது. சி35 ஏ.எஃப். என்ற கேமரா தூரத்தைத் தானே பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு இந்த ஜாதிக் கேமராக்கள் அதிக காலம் தாக்குப்பிடிக்கவில்லை. யாஷிகா நிறுவனம் 1983-இல் கியோசெராவின் கைக்குப் போனது. மறுவருஷம் ‘சிதம்பரம்’ கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து, அந்தப் போக்குவரத்தும் நின்றது. சித்தப்பா பிற்பாடு தானியங்கிக் கேமரா ஒன்று வாங்கினார். அதில் எடுத்த கல்யாணப் படங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எல்லாரும் சிரிக்கிறார்கள், எல்லாம் தெளிவு. எது எந்தக் கல்யாணம் என்றுதான் தெரியவில்லை.

எலக்ட்ரோ இப்போது என் பீரோவில் இருக்கிறது. அதற்கான 5.6 வோல்ட் பாதரச பேட்டரியை, பாதரசம் நஞ்சு என்று நிறுத்திவிட்டார்கள். 6 வோல்ட் அல்கலைன் பேட்டரியோடு ஒரு ஸ்பிரிங்கைச் சேர்த்து வைத்தேன், விளக்கு எரிகிறது. ஆனால் ‘டொக்’ வரவில்லை. உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு இற்றுப்போனால் அப்படித்தான் ஆகும். எக்ஸ்போஷரையும் நம்ப முடியாது. இந்த மாடல் முழுக்க உள்ள வியாதி இது. அண்ணன் மகன் இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு, தானே திறந்து மாற்றிவிடுகிறேன் என்கிறான். திறக்கட்டும். பழைய ரப்பர் பசை போல ஒட்டிக்கொண்டிருக்கும், சுத்தமாகச் சுரண்டாமல் புதிதை வைக்காதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.