தலைகீழாக மாட்டிய மிஷின்

"துடைக்கிறதோட நிறுத்திக்க. சுவிட்ச் பக்கம் கை போவக் கூடாது."

பட்டறையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொன்னது இதுதான். டவுனில் பெரிய பட்டறை. நிலை, கதவு, ஜன்னல், பூசை மாடம் எல்லாம் செய்வார்கள். எட்டு வருசம் அங்கே மரம் தூக்கினேன், உப்புத்தாள் போட்டேன், மரத்தூள் அள்ளினேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பையன்கள், மேஸ்திரிக்குச் சொந்தம், ஆறே மாசத்தில் மிஷினில் நின்றார்கள். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஆயுத பூசைக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் ஒவ்வொரு மிஷினையும் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது என் வேலை. மறுநாள் சந்தனம் வைக்க வேறு கை வரும். என் பொரி வாசலிலேயே கிடைத்துவிடும்.

அங்கே ஒரு ரௌட்டர் மேஜை இருந்தது. ரௌட்டர் என்றதும் இப்போது படிக்கிற பிள்ளைகள் வைஃபை பெட்டியை நினைப்பார்கள். இது மரம் கடைகிற மிஷின். உள்ளே இருக்கிற பிட் நிமிசத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல்கூடப் போகும். சட்டத்தில் காடி எடுக்கலாம், ஓரத்தை உருட்டலாம், கண்ணாடி உட்காரப் படி வெட்டலாம். சாதாரணமாக இரண்டு கையாலும் பிடித்து மரத்தின் மேல் ஓட்டுவார்கள். அதையே தலைகீழாகக் கவிழ்த்து ஒரு மேஜைக்கு அடியில் மாட்டினால் பிட் மட்டும் மேலே தலையை நீட்டும். மிஷின் நிற்கும், மரம் நகரும். விரல் அகலச் சட்டத்தின் மேல் மிஷினை உட்கார வைக்க முடியாது. மேஜையில் அந்தச் சட்டத்தையே தள்ளி வேலையை முடித்துவிடலாம்.

அந்த மேஜையில் வேலை தொடங்கும்முன் மேஸ்திரி ஒரு காரியம் செய்வார். மூலமட்டத்தை வைத்து, மரம் ஒட்டிப் போகிற தடுப்புச் சட்டத்தை மேஜை விளிம்புக்கு நேராக்குவார். அரைமணி நேரம் போகும். யாரும் பேசக் கூடாது. அது ஏதோ பரம்பரை ரகசியம் என்று நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கையால் தடவிப் பார்க்க எனக்குக் காட்டியவர் அவர்தான். அதுவும் என்னைப் பார்த்து இல்லை, மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்து எங்கள் தெருவில் தகரக் கொட்டகை போட்டபோது கையில் இருந்தது அரை அங்குல பிட் பிடிக்கிற ஒரு பழைய ரௌட்டர், நாலு உளி, ஒரு இழைப்புளி. மேஜை வாங்கக் காசில்லை. சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

மீந்துபோன 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று பெவிகால் போட்டு ஒட்டி, ராத்திரி முழுக்க அம்மாவின் அம்மிக்கல்லையும் இரண்டு சிமெண்டு மூட்டையையும் மேலே ஏற்றி வைத்தேன். காலையில் அம்மா, "எங்கடா அம்மி?" என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மரம் வழுக்கிப் போகட்டும் என்று மேல்பக்கம் மைக்கா ஒட்டினேன். பத்து நாளில் பலகை வளைந்துவிட்டது. இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் பள்ளம். மைக்கா ஒட்டிய பக்கம் ஈரக்காற்றை வாங்காது, வெறும் பக்கம் வாங்கும். ஒருபக்கம் மட்டும் ஒட்டினால் பலகை இழுத்துக்கொள்ளும். அடியிலும் ஒட்ட வேண்டும். பட்டறைப் பையன்களுக்கு ஒரு வார்த்தையில் கிடைத்திருக்கும் விசயம். எனக்கு இரண்டு பலகையும் ஒரு மாசக் கூலியும் ஆனது.

இரண்டாவது பலகை நேராக நின்றது. நடுவில் மிஷினைத் தாங்க, பழைய இரும்புக்கடையில் எடைபோட்டு வாங்கிய 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. மிஷினின் அடித்தட்டைக் கழற்றி அதையே அச்சாக வைத்து ஓட்டைகளைக் குறித்தேன். திருகின் தலை தகட்டுக்குள் முழுசாக அமுங்க வேண்டும், ஒரு நூல் மேலே இருந்தாலும் மரம் தட்டி நிற்கும். தகட்டின் நாலு மூலைக்கும் கீழே ஒவ்வொரு திருகு வைத்து, ஏற்றி இறக்கி மேஜையோடு மட்டமாக்கினேன். இதற்கு மட்டும் ஒரு பகல் போனது.

பிறகு தடுப்புச் சட்டம். மேஸ்திரி மாதிரியே மூலமட்டத்தோடு அரைமணி நேரம் போராடினேன். வேலை நடுவில் ஒரு பக்கத்துப் பிடி தளர்ந்து சட்டம் கோணிக்கொண்டது. ஆனால் காடி நேராகத்தான் வந்தது. மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தேன். ரம்பத்துக்குச் சரி, அது தட்டையான தகடு, சட்டம் கோணினால் மரம் சிக்கும். பிட் உருண்டை. உருண்டைக்கு ஏது நேர், ஏது கோணல்? பிட்டுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் மட்டும்தான் கணக்கு. ஒரு முனையை இறுக்கிவிட்டு மறு முனையைத் தட்டித் தட்டி நகர்த்தினால் போதும். எட்டு வருசம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்த ரகசியத்துக்குள் ஒன்றுமே இல்லை. சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டியதை மரம்தான் சொல்லிக் கொடுத்தது. மிஷினைக் கவிழ்த்ததும் அது சுற்றும் திசை நமக்கு மாறிவிடும். நம் முன்னால் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். நான் இடமிருந்து தள்ளினேன். பிட் கவ்வி இழுத்து வீசியதில் வலப்பக்கத் தகரத்தில் ஓட்டை. அது இன்னும் இருக்கிறது, அடைக்கவில்லை.

இன்னொரு நாள் பிட் மாற்றக் குனிகிறேன். கரண்ட் போயிருந்தது. சுவிட்சை அணைக்க மறந்து கையை நீட்டும்போது கரண்ட் வந்து மிஷின் அலறியது. ஒரு சாண் இடைவெளியில் விரல்கள் தப்பின. திண்ணையில் இருந்த அப்பா எழுந்து வந்தார். ஊர்க்காரர் நிலத்தில் முப்பது வருசம் மோட்டார் போட்டுத் தண்ணி பாய்ச்சியவர். "கொட்டாயில இருக்கிற ஸ்டார்ட்டரு கரண்டு போனா தானா உழுந்துடும்டா. திரும்பி வந்தா ஓடாது. பச்சயத் தொட்டாத்தான் ஓடும். அந்த மாதிரி ஒண்ண மாட்டு." மாட்டினேன். அப்பாவுக்கு மரவேலை தெரியாது என்றுதான் அதுவரை ஊரும் சொன்னது, நானும் சொன்னேன்.

கதவு கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை இல்லை. "அப்பா ஆசாரிங்களா?" 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். தச்சர் என்பதற்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் வடநாட்டுச் சாதிப் பெயரையும் போட்டிருந்தார்கள். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுக்கச் சொல்லி 2024 நவம்பரில் தமிழக முதல்வர் கடிதம் எழுதினார். 1953இல் இராஜாஜி கொண்டுவந்து அடுத்த வருசமே கைவிடப்பட்ட குலக்கல்வியைப் பெரியவர்கள் ஞாபகப்படுத்தினார்கள். எங்கள் வீட்டுக் குலத்தொழில் என்று எதை எழுதுவது? சாவுக்குப் பறை அடித்ததையா?

ஆனால் அந்தப் பறையின் சட்டத்தை யார் செய்தது? தாத்தா. வேப்பமரத்தில் மூன்று வளைவுத் துண்டுகள், வாய்ச்சியால் செதுக்கி, தகடு வைத்து இணைத்து, புளியங்கொட்டைப் பசையில் தோலை ஒட்டுவார். அப்பா அந்தப் பறையைத் தூக்கிப் போட்டவர். இனி சாவுக்கு அடிப்பதில்லை என்று தெருவே முடிவெடுத்தபோது முதல் ஆளாய் நின்றார். அதற்காக ஒரு வருசம் ஊரில் வேலை தரவில்லை.

போன தை மாசம் கல்லூரிப் பிள்ளைகள் வந்து, மேடையில் அடிக்கப் பத்துப் பறைக்குச் சட்டம் வேண்டும் என்றார்கள். அப்பாவைக் கேட்காமலே ஒத்துக்கொண்டேன். பிளைவுட்டில் வளைவு அச்சு வெட்டி, வேப்பம் பலகையில் அறைந்து, பேரிங் வைத்த பிட்டில் ஓட்டினேன். மேஜையில் ஒரு முளை அடித்து அதில் மரத்தைச் சாய்த்துத்தான் வளைவுக்குள் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் பிட் பிடுங்கும். மூன்று துண்டும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர்ந்தன.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. உள்ளே வந்து ஒரு துண்டை எடுத்தார். திட்டப்போகிறார் என்று மிஷினை நிறுத்தினேன். நகத்தால் கீறிப் பார்த்தார், மூக்கருகில் கொண்டுபோய் மோந்தார்.

"இன்னும் பச்சடா. பொருத்து விட்டுடும். ரெண்டு மாசம் நெழல்ல போட்டு வையி."