முதலில் யாரை விசாரிப்பது?

வீட்டில் ஒரு சாமான் திடீரென்று மௌன விரதம் பூண்டுவிட்டால், பழி முதலில் யார் தலையில் விழுகிறது? குழந்தையின் தலையில்தான்! "நீதான் கீழே போட்டிருப்பாய்!" என்று முதலில் தீர்ப்பு, பிறகுதான் விசாரணை.

என் அக்காவின் பிள்ளைக்கு இந்தக் கதி நேர்ந்தது. பிளேஸ்டேஷன் 4 என்ற விளையாட்டுப் பெட்டியின் கம்பியில்லாத கண்ட்ரோலர் சனிக்கிழமை வரை சமர்த்தாக இருந்தது. ஞாயிறு காலையில், விளக்கைச் சிமிட்டிவிட்டு அணைந்துவிட்டது. "நான் போடவே இல்லை, அம்மா!" என்று பையன் அழுதான். யார் கேட்டார்கள்? முதுகில் இரண்டு விழுந்தன. கடைக்காரரோ, "புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்.

உண்மை என்ன தெரியுமா? முதல் நாள் இரவு அத்திம்பேர் அதே கண்ட்ரோலரைத் தம் செல்போனுடன் இணைத்து விளையாடியிருக்கிறார்! இந்தக் கருவிக்கு ஒரே ஓர் எஜமானைத்தான் ஞாபகம் இருக்கும். புது எஜமான் கிடைத்ததும் பழைய பெட்டியை மறந்துவிட்டது. யு.எஸ்.பி. ஒயரால் பெட்டியோடு சேர்த்து, நடுவிலுள்ள பி.எஸ். பொத்தானை அழுத்தினேன். ஒரே நிமிஷத்தில் உறவு புதுப்பிக்கப்பட்டது. பையன் முகம் தெளியத்தான் இரண்டு நாளாயிற்று.

ஒயர் விஷயத்தில் ஜாக்கிரதை! சில ஒயர்கள் மின்சாரத்தை மட்டும் கொண்டு போகும். செய்தியைக் கொண்டு போகாது. அவை இதற்கு உதவா. நல்ல ஒயருக்கும் மசியாவிட்டால், பெட்டியை அணைத்துவிட்டு, கண்ட்ரோலரின் பின்புறம் எல் 2 பொத்தானருகே உள்ள சிறு துவாரத்தில் ஊசிமுனையால் சில வினாடி அழுத்துங்கள். பிறகு மறுபடி ஒயரைச் செருகுங்கள்.

விட்டு விட்டு வேலை செய்கிறதா? அது வேறு சங்கதி. புளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பல வீடுகளில் வைஃபையும் அங்கேதான் குடியிருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே சந்தில்தான். நாம் பால் காய்ச்சும் நேரத்தில் குழந்தையின் ஆட்டம் தடுமாறினால் ஆச்சரியமில்லை! குறுக்கே ஆள் உட்கார்ந்தாலும் அலை தேயும். நம் உடம்பிலுள்ள நீர் அதை உறிஞ்சிவிடுகிறது. பெட்டியை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, சற்று அருகில் உட்காரச் சொல்லுங்கள். பாட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆகவே சகோதரிகளே, கடைக்கு ஓடுமுன் ஒயரைத் தேடுங்கள். கையை ஓங்குமுன், வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்!