ஒரு கைக் கணக்கு

கைப்பேசியைக் கீழேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் மாடத்தில் பேசக் கூடாது, கைதட்டக் கூடாது. 2023 ஏப்ரலில் ஒரு காலை, புனித ஜார்ஜ் கோட்டையில் தமிழ்நாடு சட்டப்பேரவை. கேள்வி நேரம் நடந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். ஊர்க்காரர்களோடு வந்திருந்தார். படியேறும்போதே சொல்லிவிட்டார்: "96-ல பொம்பளைக்குன்னு ஒதுக்குனாங்கல்ல, அப்ப பஞ்சாயத்துத் தலைவரா நின்னேன் கண்ணு. அஞ்சு வருசம். ஒரு தெருவிளக்குக்கு நாலு தடவ நடந்திருக்கேன்."

இங்கே வாய் மூடியதும் அவருடைய கட்டைவிரல் வேலையைத் தொடங்கியது. சுண்டுவிரலின் அடிக்கணுவிலிருந்து கணு கணுவாக ஏறியது, பால் கணக்கு எண்ணுவது போல. கண்கள் கீழே வரிசை வரிசையாக நகர்ந்தன. அவர் எதை எண்ணுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

234 இடங்கள். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் கட்டைவிரல் நின்றுவிட்டது. காத்திருந்தது. கையில் கோப்போடு ஓர் உறுப்பினர் உள்ளே வந்து, பேரவைத் தலைவரை வணங்கிவிட்டு இருக்கையில் அமர்ந்தார். கட்டைவிரல் ஒரு கணு ஏறியது. 12. நான்கு விரலுக்கு மும்மூன்று கணு, தீர்ந்தது கணக்கு. 2021 தேர்தலில் வென்று வந்த பெண்கள் அவ்வளவு பேர்தான். அமைச்சர்கள் இருவரும் அதில் அடக்கம். இன்னொரு கை தேவைப்படவில்லை.

பேரவைத் தலைவரின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1922-ல் ஆளுநர் வில்லிங்டனும் அவர் மனைவியும் கொடுத்தது. அது வந்து ஐந்து ஆண்டு கழித்து, 1927-ல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியைச் சென்னைச் சட்டசபை துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தலைவர் இல்லாத நேரத்தில் அவையை நடத்த வேண்டியவர் துணைத் தலைவர். அப்போது அந்தச் சபையில் அவர் ஒருவரே பெண். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே அவர் எழுப்பிய குரல் 1947-ல்தான் முழுச் சட்டமாயிற்று. அவரோ காந்தி கைதானபோது, 1930-லேயே பதவியை விட்டு இறங்கிவிட்டார்.

கோப்போடு வந்தவர் எழுந்தார். துணைக் கேள்வி. முதல் சொற்கள் மற்ற பேச்சுகளுக்குள் அமுங்கிப் போயின. நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், குரலை உயர்த்தாமல். தன் தொகுதியின் ஆரம்ப சுகாதார நிலையம். மின்சாரம் போனால் பிரசவ அறையில் டார்ச் லைட்தான் என்றார். ஒரு ராத்திரி தானே அந்த விளக்கைப் பிடித்து நின்றதாகச் சொன்னார். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அதுவரை எந்தக் கேள்விக்கும் அவர் திரும்பவில்லை. ஜெனரேட்டர் கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த அறைக்குள் நின்று கேட்க ஒரு பெண் வர வேண்டியிருந்தது.

"நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது.

அம்மாளின் உதடு லேசாக அசைந்தது. அவருக்கு அது புதிய சொல் அல்ல.

அவர் தலைவரான அதே 1996-ன் செப்டம்பரில்தான் மகளிர் ஒதுக்கீட்டு மசோதா முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஊராட்சிக்கு அப்போதே கிடைத்தது மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் வர 27 ஆண்டுகள் பிடித்தன. நாங்கள் மாடத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஆண்டின் செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரித்தார்கள், 2 பேர் எதிர்த்தார்கள். மாநிலங்களவையில் எதிர்த்து ஒருவரும் இல்லை. ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, தொகுதி மறுவரையறை முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று எழுதி வைத்தார்கள். அந்தக் காத்திருப்பை என்னால் ஏற்க முடியவில்லை. 234-ல் மூன்றில் ஒன்று 78. மக்களவை வாக்களித்த அன்றிரவு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அம்மாளின் முறையில் எண்ணிப் பார்த்தேன். ஆறு சுற்று முழுதாகச் சுற்றி, ஏழாவதில் மோதிர விரல் நுனியில் வந்து நின்றது.

அந்த ஏப்ரல் காலையில், மாடத்தில் எங்கள் நேரம் முடிந்திருந்தது. காவலர் கையசைத்து எழுப்பினார். அடுத்த கூட்டம் படியில் நின்றது. கீழே அவை வேறு கேள்விக்குப் போய்விட்டது. கோப்புக்காரர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அமைச்சர் சொன்னது ஒரே வரி. அவர் எழுதியது அதைவிட நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாள் கதவுவரை திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வந்தார். கட்டைவிரல் இன்னும் ஆள்காட்டி விரலின் நுனியை அழுத்திக்கொண்டிருந்தது.