கொலையும் நகையும் பாட்டும்

2004ஆம் ஆண்டு பிபிசி தொலைக்காட்சி ‘பிளாக்பூல்’ என்னும் ஆறு பகுதித் தொடரொன்றை ஒளிபரப்பியது. பீற்றர் பௌக்கர் எழுதியது. இங்கிலாந்தின் கடற்கரை நகரொன்றிலே சூதாட்டப் பொறிகள் நிறைந்த கேளிக்கைக் கூடம் நடத்தும் ஒருவன். அவனது கூடத்திலே ஓர் இளைஞனின் பிணம். துப்பறிய வந்த அதிகாரி சந்தேகத்துக்குரியவனின் மனைவி மீதே காதல் கொள்கிறான். இவ்வளவில் வழமையான கொலைக்கதைதான். ஆயின் இடையிடையே பாத்திரங்கள் பழைய புகழ்பெற்ற பாடல்களின் ஒலிப்பதிவோடு தாமும் சேர்ந்து பாடி ஆடத் தொடங்கிவிடுகின்றனர். பிரித்தானிய விமர்சகர் இதனைத் துணிகரமான புதுமை என்றனர். இதே கதையை அமெரிக்க சிபிஎஸ் நிறுவனம் 2007இல் ‘விவா லாஃப்லின்’ எனத் தழுவி எடுத்து, இரண்டே பகுதிகளுடன் நிறுத்திவிட்டது.

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவருக்கு இதிலே எது புதுமை என்பது விளங்குவது கடினம். தமிழிலே புதுமை எனப்பட்டது இதற்கு நேர்மாறானது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ ஒரு பாடலும் இல்லாத கொலைப் படம். சென்னை மீது யப்பானியக் குண்டு விழுந்த நாளிலே வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். ஒவ்வொருவரும் தத்தம் வாயால் ஒரு கதை சொல்கின்றனர். திறனாய்வாளர் இன்றும் போற்றும் அப்படத்துக்கு அன்று எதிர்பார்த்த வசூல் கிட்டவில்லை. பதின்மூன்று ஆண்டுகளின் பின், அதே ஏவிஎம் நிறுவனம் ஏ. சி. திருலோகசந்தரைக் கொண்டு ‘அதே கண்கள்’ (1967) எடுத்தது. முகமூடிக் கொலைகாரன், நாகேஷின் நகைச்சுவை, வேதாவின் இசையில் ஆட்டப் பாடல்கள் யாவும் ஒரே இலையிலே பரிமாறப்பட்டன. மக்கள் அதை விரும்பிப் பார்த்தனர். கற்றோர் முகஞ்சுளித்தனர்; பிணம் கிடக்கும் வீட்டிலே ஆட்டமா என்பது அவர்தம் கேள்வி.

இக்கேள்விக்கு நுரைச்சோலையிலே ஒரு விடை இருந்தது. கற்பிட்டித் தீபகற்பத்திலே, ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் சூழ்ந்த மணற்பூமி அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தனர். கிடுகுக் கொட்டில்களிலே அவர்கள் வாழ்ந்த அந்நாட்களில், மின்சாரம் எட்டாத முகாமொன்றிலே ஒரு கறுப்புவெள்ளைத் தொலைக்காட்சி வாகன பற்றரியில் ஓடியது. (900 மெகாவாற்று அனல்மின் நிலையம் அவ்வூருக்கு வரப் பின்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.) பற்றரி படம் முடியும்வரை தாங்குமா என்பது கொலைகாரன் யார் என்பதை விடப் பெரிய மர்மம். ஆதலால் பாட்டு வந்தால் பெட்டியை அணைத்துவிட வேண்டும் என்பது இளைஞரின் கட்சி. மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் மட்டும் அதற்கு ஒருபோதும் இணங்கவில்லை. “பாட்டையும் விடு மகன். எந்த நேரமும் மையித்தையே பாத்துக்கொண்டிருக்க ஏலுமா?” என்பார்.

அவர் மடியிலே இருந்து படம் பார்த்த பேரன் பின்னாளில் பல்கலைக்கழகம் புகுந்தான். கருத்தரங்கொன்றிலே ‘பிளாக்பூல்’ பேசப்பட்டபோது அவன் முன்வைத்த வாதம் இவ்விடத்தில் கருதத்தக்கது. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் நகை முதலாவது, அச்சம் ஐந்தாவது. இரண்டும் ஒரே மேடையில் நிற்கலாகாது என்று தமிழ்க் கூத்து ஒருபோதும் கருதியதில்லை என்றான் அவன். அதற்கு அவன் காட்டிய சான்று நொண்டி நாடகம். பரத்தையிடம் பொருளிழந்து, குதிரை திருடப் புகுந்து, பிடிபட்டு, கால் வெட்டுண்ட கள்வன் தன் குற்றத்தைத் தானே சிந்திலே பாடி, அவையோரைச் சிரிக்கவும் வைக்கும் இலக்கிய வகை அது. இறையருளால் கால் மீண்டும் வளர்வது முடிவு. சீதக்காதி நொண்டி நாடகத்திலே அக்கள்வன் கீழக்கரை வள்ளலின் உதவியால் மக்கா செல்கிறான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனையில் மேடையேற்றிய கூத்துக்களுள்ளும் ஒரு நொண்டி நாடகம் உண்டு. குற்றக் கதையும் நகையும் பாட்டும் கலந்த நாடகம் தமிழுக்குத் திரையால் வந்ததன்று.

வாதம் நன்று, எனினும் ஒரு வேறுபாட்டை அது விட்டுவிடுகிறது. நொண்டி பாடுவது அவனுடைய குற்றத்தையே. ‘அதே கண்கள்’ படத்தின் பாடல்கள் பலவற்றை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். ‘புதிய பறவை’யில் (1964) அவ்வாறு செய்ய முடியாது. அங்கே முதல் மனைவியை அவன் கண்டதே ஒரு பாட்டிலே. பின்பு அவனை அச்சுறுத்திக் குற்றத்தை வாங்குவதற்கும் அதே பாட்டு கருவியாகிறது. பாட்டு அங்கே சாட்சி. கலப்பு நன்றா தீதா என்று கேட்பதிலும் கலந்தது கரைந்ததா, மிதக்கிறதா என்று கேட்பதே பயனுடைத்து. ‘பிளாக்பூல்’ பாத்திரங்கள் வாயால் சொல்ல நாணுவதைப் பாட்டாலே சொல்கின்றனர். அந்த அளவில் அது கரைந்தது.

பேரன் விடுமுறையில் ஊர் வந்தபோது இந்த ஆங்கிலத் தொடரின் கதையை மூதாட்டிக்குச் சொன்னான். பாட்டும் ஆட்டமும் கலந்தது என்றதும் அவர் வியப்பெதுவும் காட்டவில்லை. அவருடைய மூத்த மகன் 1990க்கு முன்னரே ஒருநாள் கடலுக்குப் போன வழியிலே கொல்லப்பட்டவன். எவரும் வந்து விசாரிக்கவில்லை. எந்த அதிகாரியும் குறிப்பேட்டைத் திறக்கவில்லை. கொலைப் படத்தை ஏன் இத்துணை விருப்பத்துடன் பார்க்கிறீர்கள் என்று அவன் அன்று கேட்டான்.

“இதுல ஒராள் மவுத்தானா, ஆர் செஞ்சதெண்டு தேடுறாங்கள் மகன்,” என்றார் உம்மம்மா. “கடைசிவரைக்கும் தேடுறாங்கள்.”